மான் வரட்டும்

எங்கள் நகரத்து மான்களுக்கு வீதியைக் கடக்கத் தெரிந்திருக்கவேண்டியதில்லை. கோட்டைப் பக்கமிருந்து கூட்டமாக வரும், நடுவீதியில் நின்று யோசிக்கும், கடதாசி ஏதும் கிடந்தால் சாப்பிடும். அதுவரைக்கும் பஸ்ஸும் டிப்பரும் ஆட்டோவும் ஹோன் அடிக்காமல் காத்திருக்கும். திருகோணமலைக்காரரின் பொறுமையைப் பார்க்க விரும்புகிறவர்கள் மானாகப் பிறந்து வரவேண்டும்.

என் மகள் மானாகப் பிறக்கவில்லை. எட்டு வயது. பள்ளிக்கூட வான் அவளைக் கடற்கரைப் பக்கம் இறக்கிவிடும். பெற்றோர்களாகிய நாங்கள் எதிர்ப்பக்கம் வாகை மரத்தடியில் நிற்போம். பெரிய காரணம் ஒன்றுமில்லை, நிழல் அங்கேதான் விழுகிறது. வான் நின்றதும் எல்லோருமாக "ஓடி வா" என்போம். பிள்ளைகள் வானின் முன்பக்கத்தால் வெளிப்பட்டு, எங்கள் முகத்தைப் பார்த்தபடி ஓடிவருவார்கள். வீதியை ஒருவரும் பார்ப்பதில்லை. அவ்விடத்தில் ஆட்கள் கடக்க ஒரு மஞ்சள் கடவை உண்டு, கோடுகள் தேய்ந்துபோய். முன்பே தெரிந்தவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

ஒருநாள் வான் சாரதி வீதியைக் கடந்து எங்களிடம் வந்தார்.

"நாளையில இருந்து அங்கால வந்து நில்லுங்கோ. பிள்ளையளைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போங்கோ. இப்பிடி ஓட விட ஏலாது."

"அந்த வெயிலுக்க நிண்டு கருவாடாகவோ?" என்றார் ஒரு தாய்.

"இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கேல்லையே, தம்பி," என்றார் ஒரு தகப்பன்.

நாலு புத்தகம் படித்தவன் என்பதால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சில வெளிநாடுகளில் பள்ளிக்கூட பஸ் நின்றால் இரண்டு பக்கத்து வாகனங்களும் அசையாமல் நிற்கவேண்டும் என்பதை விளக்கினேன். நிழலில் நின்றபடிதான்.

"அங்க மான் இல்லையாக்கும்," என்றார் அந்தத் தாய்.

அடுத்த வாரம் டிப்பர் வந்தது. மகளுக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம் இருந்தது. மனைவியிடம் நான் பத்து முழம் என்று சொன்னேன். மகளின் தோளிலிருந்து நழுவிய தண்ணீர்ப் போத்தல் சக்கரத்துக்குள் போய்த் தட்டையானது. டிப்பர் நிற்கவில்லை. மரத்தடி மாநாடு கூடி, போத்தலின் வார் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு முடியுமுன்பே மான்கள் வந்தன. முழு வீதியும் நின்றது. மகள் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் இறங்கினாள், ஓடிவரவில்லை. வான் போய்விட்டது.

"ஓடி வா," என்றேன்.

"மான் வரட்டும், அப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்றவன் சிரிக்கிற சிரிப்பு. பிறகுதான் அவள் பகிடி விடவில்லை என்பது விளங்கியது. புத்தகப் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி கோட்டைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்தான் கடந்தேன். பாதி வழியில் ஒரு பஸ் என்னை உரசிக்கொண்டு போனது. மிதிபலகையில் தொங்கிய நடத்துநர், "ஐயா, வீட்டில சொல்லிப்போட்டே வந்தனீங்கள்?" என்று கேட்டார். டிப்பரைப் பற்றியே நான் வீட்டில் ஒழுங்காகச் சொல்லவில்லை.

மகளின் கையைப் பிடித்தேன்.

"வாங்கோ, அப்பா கூட்டிக்கொண்டு போறன்."

"நீங்களும் மான் இல்லைத்தானே," என்றாள்.

மற்றக் கையை வாகனங்களுக்கு உயர்த்திக் காட்டினேன். இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். ஒருவரும் பிறேக்கில் கால் வைக்கவில்லை. மரத்தடியிலிருந்து, இப்போது எங்கள் இருவருக்குமாக, "ஓடி வாங்கோ" என்று குரல் வந்தது.

நானும் கோட்டைப் பக்கம் பார்க்கத் தொடங்கினேன்.