தங்கப்பதக்கம் கிடைக்காத சுவீடன்காரர்

தமிழ்ப்பள்ளிப் பேச்சுப்போட்டியைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அதற்குக் காரணம் என் மகளும், முகம் தெரியாத ஒரு சுவீடன்காரரும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நாங்கள் நோர்வேத் தலைநகரின் ஓரத்தில், ரொம்சோசில் குடியிருந்தோம். நான் பஸ் ஓட்டினேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பேச்சுப்போட்டி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே முறைதான். பெற்றோர் பேச்சை எழுதுவார்கள். பிள்ளை அதை நோர்வேஜிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்கும். மேடையில் ஏறி, “பெருமதிப்புக்குரிய நடுவர்களே” என்று தொடங்கி, கையை ஆட்ட வேண்டிய இடத்தில் ஆட்டி, மூச்சுவிடாமல் ஒப்புவித்துவிட்டு இறங்கும். என்ன பேசினாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். ஆனால் யாரும் கேட்பதில்லை.

அந்த வருடம் அவளுடைய பிரிவுக்கு ‘நான் விரும்பும் அறிஞர்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். மகளிடம் ஆள் ஏற்கனவே இருந்தார். நோர்வேஜியப் பள்ளியில் வகுப்பு வேலை ஒன்றுக்காக நூலகத்தில் எடுத்த மெல்லிய புத்தகத்தில் அவரைக் கண்டுபிடித்திருந்தாள். பழைய காலத்துச் சுவீடன் தாவரவியலாளர். பாதிரியாரின் மகன். தகப்பன் அவரைப் பிரசங்க மேடையில் ஏற்ற நினைத்தார். மகனோ வேலியோரத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்தில் செடிகொடியைப் படிக்க வேண்டுமென்றால் மருத்துவம் படிக்க வேண்டும், படித்தார். வடக்கே மழையிலும் நுளம்புக்கடியிலும் குதிரையில் அலைந்து செடிகளைச் சேர்த்துக் காயவைத்துக் கொண்டுவந்தார். அதில் நல்லதையெல்லாம் பேராசிரியர் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். மிச்சத்தில் ஒரு பங்கு கப்பலில் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தது. பல்கலைக்கழகப் பதவியும் கிடைக்கவில்லை. சின்ன ஊரொன்றில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு, நாட்டிலுள்ள எல்லாச் செடிகளையும் ஒரே நூலில் எழுதிவிடுவதென்று உட்கார்ந்தார். புற்களில் தொடங்கினார். புற்களிலேயே ஆயுள் முடிந்துபோனது.

இந்தக் கதையை அவள் வகுப்பில் நோர்வேஜியத்தில் சொன்ன நாளில் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சீருடையோடு போய்ப் பின்னால் நின்றேன். கையில் துண்டுக் காகிதம்கூட இல்லாமல் பேசினாள். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. வீட்டில் அவளுடைய தமிழ் ‘ஓம்’, ‘இல்லை’, ‘பசிக்குது’, ‘பிறகு’ என்ற அளவோடு நின்றுவிட்டது. அவள் தானாக யோசித்த ஒன்றை ஒருநாளாவது தமிழில் சொல்லக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஆசை.

போட்டிக்கு இந்தச் சுவீடன்காரரையே எடுப்போமா என்று கேட்டேன். “நான் சொல்றதை எழுதினா வாறன்” என்றாள். இனித் தமிழ்ப்பள்ளிக்கு வரமாட்டேன் என்று அந்த வருடம் முழுக்க முறுக்கிக்கொண்டு நின்ற பிள்ளை. அதனால் அவள் பாதி நோர்வேஜியத்தில் சொல்லச் சொல்ல, நான் பொறுமையாகத் தமிழ்ச் சொல் எடுத்துக் கொடுத்து எழுதினேன்.

பேச்சைத் தமிழ்ப்பள்ளிப் பொறுப்பாசிரியரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, ஒரு பெரிய மனிசன்ரை வாழ்க்கையை இப்பிடியே முடிக்கிறது? புத்தகத்தை முடிக்கேல்லையாம், செத்துப்போனாராம். சனம் என்னத்துக்குக் கை தட்டும்?”

“உண்மை அதுதானே அண்ணை.”

“உண்மை இருக்கட்டும். ராசாவின்ரை கையாலை ஒரு தங்கப்பதக்கம் குடுப்பம். நூலையும் முடிச்சுவிடுவம். ஆருக்கு நட்டம்?”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “முதல் பரிசு எடுக்கக்கூடிய பிள்ளை, கெடுத்துப்போடாதையும்” என்று என் வாயை அடைத்துவிட்டு, திருத்திய பேச்சை அவளிடமே நேரடியாகக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெயரையே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மகள்தான், “பரவாயில்லையப்பா, பாடமாக்கிறன்” என்றாள். அவள் ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

போட்டி நகரத்தின் மறுகோடியில், மோர்டென்ஸ்ருட் பக்கம் ஒரு பள்ளி மண்டபத்தில். அவள் ஏறினாள், நடுவர்களை வணங்கினாள், மழையையும் குதிரையையும் கணீரென்று சொன்னாள். ராசாவிடம் வந்ததும் நின்றுவிட்டாள். முன்வரிசையில் இருந்த பொறுப்பாசிரியர் வசனத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் வாய் திறக்கவில்லை. இன்னும் பலமாக, “மன்னரின் பொற்கரங்களால்” என்றார். எனக்குப் பின்னால் யாரோ “பாவம், மறந்திட்டுது” என்றார்கள்.

“அது எனக்குத் தெரியும்” என்றாள் மகள், ஒலிவாங்கியில். “ஆனா அவருக்கு மெடல் கிடைக்கேல்லை. புத்தகமும் முடிக்கேல்லை. புல்லு மட்டும்தான் எழுதினவர்.” கொஞ்சம் நின்றாள். சொல் தேடுகிறாள் என்று தெரிந்தது. “ஒருத்தரும் அவரைப் போகச் சொல்லேல்லை. மழை. எண்டாலும் போனவர். எனக்கு அதுதான் விருப்பம்.”

நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள், விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்தித் தட்டிக்கொடுப்பது போல.

முடிவு அறிவித்த பெண் நடுவர், “இடையிலை வசனத்தை மறந்தாலும் அழாமல் சமாளிச்ச பிள்ளைக்கு ஆறுதல் பரிசு” என்றார். நான் நேரே அவரிடம் போனேன்.

“அவ மறக்கேல்லை அக்கா. தான் நினைச்சதைச் சொன்னவ.”

“விளங்குது தம்பி. நல்ல பிள்ளை. ஆனா எழுதினதிலை இல்லாததுக்கு நாங்கள் எப்பிடிப் புள்ளி போடுறது?”

பக்கத்தில் நின்ற பொறுப்பாசிரியர் என் தோளைத் தட்டி, “வாற வருசம் வடிவாப் பாடமாக்கிக் கூட்டிக்கொண்டு வாரும்” என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்குக்கூட வழி வைக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் அவள் எதிரே இருந்தாள். ஆறுதல் பரிசுக் கிண்ணத்தைப் பைக்குள் தள்ளிவிட்டிருந்தாள்.

“நீ மறக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்” என்றேன்.

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

“அப்ப ஏனப்பா அவையளுக்கு விளங்கேல்லை? நான் தமிழிலைதானே சொன்னனான்?”

அடுத்த சனிக்கிழமை காலை தமிழ்ப்பள்ளிக்குப் போக நான் அவளை எழுப்பவில்லை.