பன்னிரண்டாம் எண்ணை ஒட்டாமல் போன அஞ்சலை

உளுந்தூர்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. தாலி கட்டி முடிந்த பிறகுதான் எடுக்க முடிந்தது. அஞ்சலையின் கணவர் பேசினார். "அஞ்சல போயிட்டாண்ணே. விடிகாலைல தண்ணி புடிக்கப் போனவ அப்டியே வுழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." பாதியில் கிளம்ப எனக்கு வழியில்லை. மேடையேறிய ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்து, "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பந்தி முடிந்து, பஸ் மாறி, அஞ்சலையின் ஊரான வடக்கனந்தல் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் என் ஸ்டுடியோவுக்கு வந்தவர்களுக்கு அஞ்சலையைத் தெரியாமல் இருக்காது. தடித்த அட்டையில் வெட்டிய எண்கள், எழுத்துகள், நிலா, வீடு போன்றவற்றைச் சிப்போர்டு என்போம். அவற்றின்மேல் பூப்போட்ட காகிதத்தை ஒட்டி, ஆல்பத்தில் படங்களுக்குப் பக்கத்தில் பதிப்பது அவர் வேலை. மகளின் மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம் நாளைக்கே வேண்டும் என்று மூங்கில்துறைப்பட்டுக்காரர் ஒருவர் குதித்தார். அஞ்சலை தலை நிமிரவில்லை. "பசை காயணும் சார். நீங்க கத்தனாலும் அது காயறப்பதான் காயும்" என்றார். அந்த ஆள் போனதும் எனக்கும் திட்டு விழுந்தது. "ஒட்டிட்டுதான்ணே வெட்டணும். உங்களாட்டம் வெட்டிக்கினு ஒட்டுனா ஓரத்துல அட்ட பல்லு காட்டும்." முதலாளி நானா அவரா என்று பல நாள் எனக்கே சந்தேகம் வந்ததுண்டு.

மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ரேவதி என்ற பெண் தன் கைக்குழந்தையோடு வந்தாள். மாதம் ஒரு படம். பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள். பிறந்தநாளன்று ஆல்பம் கையில் இருக்க வேண்டும். ஏழாம் மாதப் படத்தில் பையன் என் கேமரா வாரைப் பிடித்து இழுத்தான். அதன்பின் காய்ச்சலில் போய்விட்டான்.

எட்டாம் மாதம் ரேவதி தனியாக வந்தாள். "எட்டு மட்டும் ஒட்டித் தர்றீங்களாக்கா?" என்று கேட்டாள். கோழை நான், கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் ஏதோ வேலை இருப்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன். அஞ்சலை எதுவும் கேட்கவில்லை. காகிதக் கட்டை அவள் முன் வைத்து, "எது வேணுமோ நீயே எடு" என்றார். இருவரும் ஒட்டினார்கள், காய்ந்ததும் பிளேடால் ஓரம் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்தார்கள். படம் வரவேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. ஒன்பதுக்கும் வந்தாள், பத்துக்கும் வந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "புண்ணக் கிளறி வுடறாப்பல இல்லியா அஞ்சல?" என்றேன்.

"எனக்கு இன்னாண்ணே தெரியும்? வருது, ஒட்டுது, போவுது. வூட்ல கொழந்த பேர யாரும் எடுக்கறதே இல்லியாம். இங்க வந்துதான் பேசிக்கினு இருக்குது."

"பன்னெண்டு முடிஞ்சிட்டா?"

அவர் கையிலிருந்த பதினொன்றின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் ரேவதி வந்தாள். அஞ்சலையின் இடத்தைப் பார்த்து, "அக்கா லீவா சார்?" என்றாள். ஏற்கெனவே பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இதையும் என் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் பன்னிரண்டை எடுத்துக் காகிதத்தை அளவாக வெட்டி ஒட்டினேன். ஓரமெல்லாம் சாம்பல் நிற அட்டை தெரிந்தது. ரேவதி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஈரத்துணியால் துடைத்து உரித்துவிட்டு, வேறு காகிதம் எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். காயும்வரை பையனைப் பற்றிப் பேசினாள். அஞ்சலையைப் பற்றியும் பேசினாள். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வேறொன்றும் என்னால் ஆகவில்லை.

பன்னிரண்டாம் பக்கத்தில் எண்ணைப் பதித்து ஆல்பத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "அடுத்த மாசம் வரலாமா சார்?"

"வாம்மா" என்றேன்.

வருகிறவர்களை எதற்கு என்று கேட்காமல் உட்காரவைப்பது ஒன்றைத்தான் அஞ்சலையிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அது போதுமா என்று கேட்க அவரும் இல்லை. அடுத்த மாதம் ரேவதி வருவாள். ஒட்டுவதற்கு எங்களிடம் எண் இல்லை.