சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க்

கடற்கரையை ஒட்டிய டோல்கேட் பகுதியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தபோது ஒரு மீனவர் வந்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். கடலுக்குப் போகையில் செல்போனைச் சுற்றுவதுபோல, ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பாலிதீனில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். இறந்துபோன மகளின் வீடியோக்கள் அதில் இருந்தன.

அவள் லினக்ஸ் கணினியில் சேமித்ததை என் விண்டோஸால் படிக்க முடியவில்லை. ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யலாமா என்று திரை கேட்டது. அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"கேக்குறத செய் நைனா. அப்பத்தான காட்டும்?"

நானும் யோசிக்காமல் அழுத்திவிட்டேன். எல்லாம் அழிந்துபோயிற்று. அவரிடம் சொன்னேன்.

அவர் டிஸ்க்கை வயரோடு எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"உள்ள சுத்திகினு கீதே நைனா. எப்டி காலியாவும்?"

வயரைப் பிடுங்கினால் அந்தச் சத்தமும் நின்றுவிடும். என் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.