இசை போட்டு நான் அழித்த குரல்

நானும் நண்பன் குமாரும் சதுரங்கப்பட்டினம் கோட்டையிலும் கடற்கரையிலும் என் மலிவான செல்போனில் வீடியோ எடுப்போம். அவன் பேசுவான், நான் எடுப்பேன். தனி மைக் கிடையாது. கடல் காற்று புகுந்து இரையும்.

"மச்சான், தொண்ட கிழிய கத்திகினு கீறேன், காத்துதான கேக்குது?" என்பான்.

"உன் மூஞ்சி தெரியுதுல்ல, போதும்டா" என்பேன்.

எடிட் செய்யும்போது சத்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டு இசையைப் போடுவேன். போனில் இடம் இல்லாததால், வேலை முடிந்ததும் அசலை அழித்துவிடுவேன். சுத்த மடத்தனம்.

போன வருடம் மாமல்லபுரம் போகும் வழியில் லாரி மோதிக் குமார் செத்துப்போனான். காரியம் முடிந்து அவன் மனைவி மகளோடு வந்தாள். "அண்ணா, அவரு பேசுனது ஒண்ணாவது உன் போன்ல கீதா? பாப்பா கேக்குது."

இருந்த வீடியோ எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் வாயசைக்கிறான், இசைதான் கேட்கிறது. குழந்தை போனைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் ஆத்திரம் வந்தது.

இப்போதெல்லாம் அசலை மெமரி கார்டில் ஏற்றிய பிறகுதான் எடிட்டில் கை வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அழித்ததில் ஒரே ஒரு நிமிடம் திரும்பக் கிடைத்தால் போதும், அந்த இரைச்சலோடு அப்படியே கேட்பேன்.