மிதிக்க ஒரு ஆள்

என் அண்ணனிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் லைட் போடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஷூட்டிங்குக்கு ஓடி ஓய்ந்த வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கார்தான் குடும்பம். சாந்தோமில் அவன் குடியிருக்கும் சந்தில், வீட்டு வாசலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு அது நிற்கும். யாராவது வந்தால் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். யாராவது என்ன, நான் ஒருத்திதான் வருவேன்.

நாங்கள் சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தங்கை இல்லை. பேச விஷயம் இல்லாத அண்ணன் தங்கை. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அவன் வாயைத் திறந்தால் ‘இன்னா’, ‘கீது’ என்றுதான் வரும். அவனைத் திருத்தித் திருத்தி நான்தான் ஓய்ந்துபோனேன், அவன் ஓயவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போனில் ஒரு வாழ்த்து. அதற்கு மேல் பேச்சு ஓடாது.

எங்களைச் சேர்த்து வைத்தது அந்தக் காரின் பிரேக். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். உள்ளே டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் ஷூ என்கிற கட்டை தேயத் தேய, பெடல் கீழே இறங்கிக்கொண்டே போகும். அப்போது எனக்குப் போன் வரும்.

“பாப்பா, பெடலு அடியில போய்க்கினு கீது. ஞாயித்துக்கெயம வர்றியா?”

அறுபதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவன் மட்டும்தான்.

திருவான்மியூரில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்துப் போவேன். அவன் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, கோணிச்சாக்கை விரித்துப் படுத்திருப்பான். சக்கரத்தின் பின்பக்கம் இருக்கும் சின்னத் திருகை ஸ்பேனரால் திருகி, சக்கரம் சுற்றாமல் நிற்கும் வரை இறுக்குவான். பிறகு கொஞ்சம் தளர்த்துவான். ஷூ டிரம்முக்குள் சரியாக உட்கார யாராவது பெடலை மிதிக்க வேண்டும். அதற்குத்தான் நான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். “மிதி” என்பான். மிதிப்பேன். “வுடு” என்பான். விடுவேன். சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்பான். லேசாக ஓர் உரசல் கேட்டால் போதும், அடுத்த சக்கரத்துக்கு நகர்வான். காலைப்பொழுது முழுக்க எங்களுக்குள் இந்த இரண்டு வார்த்தைதான். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு மீன் குழம்பு வைப்பான். புளி தூக்கலாக இருக்கும். அதை நான் சொல்லாமல் விட்டதில்லை.

கடைசியாக அவன் கூப்பிட்டது மழைக்கு முன்னால். மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போனதில் கடுப்பாகி, ராஜா அண்ணாமலைபுரத்திலேயே இறங்கி நடந்தேன். முட்டி விண்விண் என்று தெறித்தது. சீட்டில் உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

“ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா ஆகாதா? பெடல் மிதிக்கத் திருவான்மியூர்லேருந்து ஆள் வரணுமா? என் முட்டியைப் பத்தி யாருக்காவது கவலை இருக்கா?”

வண்டிக்கு அடியில் ஸ்பேனர் இன்னும் இரண்டு சுற்று திருகியது. பிறகு “மிதி” என்றான். அன்றைக்குக் குழம்பில் புளி சரியாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

மழை வந்து போனது. மழைக்காலம் முடிந்தால் கட்டாயம் போன் வரும். இந்தத் தடவை வரவில்லை. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லும்போது வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஷோக்கா கீது” என்றான். அதன் பிறகு என் மனசு அரிக்க ஆரம்பித்தது. வண்டியை விற்றுவிட்டு மறைக்கிறானோ, உடம்புக்கு ஏதாவதோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே ஆட்டோ பிடித்துப் போனேன்.

சந்து முனையிலேயே பார்த்துவிட்டேன். கார் ஜாக்கியில் நின்றது. அண்ணன் சாக்கிலிருந்து நகர்ந்து, இடுப்பில் ஒரு கையும் கதவில் ஒரு கையுமாக எழுந்தான். சீட்டில் பாதி உட்கார்ந்து பெடலை மிதித்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டே இறங்கி மண்டியிட்டு, மறுபடி படுத்துச் சக்கரத்தைச் சுழற்றினான். பிறகு திரும்பவும் எழுந்தான். எழுபதை நெருங்குகிற ஆள். அவனுக்கும் முட்டி என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

“இன்னா பாப்பா, சொல்லாம கொள்ளாம வந்துகீறே?”

“தனியாவா பண்றே? மெக்கானிக் வரலியா?”

“இதுக்கு இன்னாத்துக்கு மெக்கானிக்கு? ஏந்து வந்து மிதிச்சிட்டுப் போனா ஆச்சு. எல்லாரும் அப்டித்தான் செய்வாங்கோ.”

“அப்போ இத்தனை வருஷமா என்னை எதுக்குக் கூப்பிட்டே?”

அவன் ஸ்பேனரைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

“நீ வந்தீன்னா மீனு வாங்குவேன். எனக்கு ஒருத்தனுக்கு இன்னாத்த வாங்கறது?”

“தள்ளு, நான் மிதிக்கிறேன்” என்று சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

“முடிஞ்சிட்ச்சு பாப்பா. இதான் கடைசி வீலு.”

இருந்தாலும் மிதித்துப் பார்த்தேன். பெடல் மேலேயே கெட்டியாக நின்றது. “பாத்தியா? நல்லா வெச்சிகீறேன். ரொம்ப நாளைக்கு உனக்குத் தொந்தரவு இல்ல” என்றான்.

அன்றைக்கு ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். கிளம்பும்போது, “அடுத்த தடவை கட்டாயம் கூப்பிடு, அண்ணே” என்றேன்.

“உன் முட்டி?”

“அது கிடக்குது.”

சரி என்றான். ஆனால் கூப்பிடவில்லை. நானாக இன்னொரு தடவையும் போய்ப் பார்த்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீச்சரை உட்காரவைப்பது போல உட்காரவைத்தான். இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை இல்லாமல் எங்களுக்கு ஒன்றாக இருக்கத் தெரியவில்லை. வண்டியைப் பற்றிக் கேட்டேன். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

சொந்த அண்ணன் ஓட்டுகிற வண்டியின் பிரேக் சீக்கிரம் தேய வேண்டும் என்று எந்தத் தங்கையாவது பூசையில் வேண்டிக்கொள்வாளா? நான் ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன்.