முள்ளைப் பார்த்த முக்காலி

மாலை ஆறு மணியானால் எங்கள் வீட்டு 'ஸ்டெப்-அப்' பெட்டி உறுமத் தொடங்கும். சூடேறிய வார்னிஷ் வாசனை முன்னறை முழுக்கப் பரவும். யாங்கோனில், தாகேதா பக்கம், சாயங்கால மின்சாரம் அப்போது அரைகுறைதான். பெட்டியின் குமிழைத் திருகி, வோல்டேஜ் காட்டும் முள் மேலே ஏறினால்தான் கம்ப்யூட்டருக்கு உயிர் வரும். திருகுவது என் வேலை.

அப்பாவும் அண்ணனும் கல்யாண வீடியோ எடுத்து, வீட்டிலேயே வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். படம் திக்கித் திக்கி ஓடுகிறதென்று அண்ணன் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினான். எங்கள் ஊரில் அதற்கு 'விஜிஏ' என்றுதான் பேர். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் அதை மாட்டிய பிறகு வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் கம்ப்யூட்டர் அணைந்தது. அதுவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போன நான், பெட்டியருகே முக்காலி போட்டு உட்கார வேண்டியதாயிற்று.

ஏறுவது இன்னும் ஆபத்து. எதிர் வார்டில் மின்சாரத்தை வெட்டினால் எங்கள் பக்கம் சட்டென்று எகிறும். இருட்டில் மாட்டிய அந்த ஜனம் 'ஹா' என்று ஒரே குரலில் கத்தும்; கேட்ட மறுநொடி நான் குமிழை இறக்கிவிட வேண்டும். அடுத்தவர் வீடு இருளும் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டு, மடியில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு இருப்பேன். அங்கே அந்தப் பரீட்சையைத் தாண்டினால்தான் காலேஜ். ஒரு பாடம் தவறினாலும் மொத்தமும் தவறியதுதான்.

"டாக்டரம்மா, முள்ளைப் பாருங்க. புஸ்தகத்தை அப்புறம் தின்னலாம்" என்பான் அண்ணன்.

பரீட்சைக்கு முந்தின மாலை அவன் ஸ்பீக்கரை அலறவிட்டுக் கல்யாண மேளத்தைச் சரிபார்த்தான். குறைக்கச் சொன்னேன்; கூட்டினான். எதிர் வார்டின் கத்தல் எனக்குக் கேட்கவில்லை. 'பட்' என்றொரு சத்தம், கருகல் நாற்றம், திரை கறுத்துவிட்டது. அண்ணன் விஜிஏயை உருவித் தொட்டுப் பார்த்தான்.

"கொதிக்குதுப்பா. எரிச்சுட்டா."

அப்பா பெல்ட்டால் அடித்தார். கை ஓய்ந்த பிறகு, "காலையில இதை வாங்கின இன்சீன் கடைக்குக் கொண்டுபோ. நீ எரிச்சதை நீயே சரிபண்ணிக்கிட்டு வா" என்றார். அவர்கள் இருவருக்கும் காலையில் கல்யாண வேலை. "பரீட்சை எங்கடி ஓடப்போவுது, அடுத்த வருசம் எழுதிக்கலாம்" என்று அம்மா தடிப்புகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில், பள்ளிச் சீருடையான வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியுமாய்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டு போனார்கள். பதில்கள் எனக்குத் தெரிந்திருந்தன. மடியில், செய்தித்தாளில் சுற்றிய விஜிஏ.

கடைக்காரர் கோ துன் அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். படம் பளிச்சென்று வந்தது.

"நல்லாத்தானே இருக்கு, தங்கச்சி" என்று பர்மியில் சொல்லிச் சிரித்தார். "ஓடுறப்போ இது சுடத்தான் செய்யும். உங்க வீட்டுல போனது பவர் சப்ளை. அது தாகேதாவுலயே கிடைக்குமே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

வீட்டில் சொன்னேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. அண்ணன் தெருமுனைக்குப் போய் பவர் சப்ளை வாங்கி வந்தான். ஆறு மணிக்கு, "ஏன் நிக்கிறே? வந்து உக்காரு" என்றார் அப்பா. உட்கார்ந்தேன்.

அம்மா சொன்ன அடுத்த வருசம் வரவேயில்லை. தாய்லாந்தில் இறால் உரித்தேன், பினாங்கில் தட்டு கழுவினேன். எந்த இடத்திலும் நெடுநாள் உட்கார்ந்ததில்லை. அப்பா இல்லை, அந்த வீடும் இல்லை. போன மாதம் அண்ணன் போனில் பேசினான்.

"கம்ப்யூட்டர், ஸ்டெப்-அப் எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. அந்த விஜிஏ மட்டும் வச்சிருக்கேன், நீ அடிவாங்கினியே, அது. ஒண்ணும் ஆகல பாரு. இன்னிக்கு மாட்டினாலும் படம் வரும்."