ஓரகத்தியின் மாத்திரை

குதிரை விலாவில் கத்தியை இறக்கியபடியே, தலை நிமிராமல் உம்சின் கேட்பாள்: "எந்த வம்சம்?"

இறைச்சி வாங்க வந்தவர் பதில் சொல்லாமல் தராசில் எதுவும் ஏறாது. வம்சத்தைச் சொன்னால் மட்டும் போதாது, அப்பா, தாத்தா என்று ஏழு தலைமுறைக்குப் பெயர் சொல்லவேண்டும். நான்காவதில் திணறுகிறவர்களை அவள் கடிந்துகொள்வதில்லை. "வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க. கறி எங்கயும் ஓடாது, ஓட வேண்டியதெல்லாம் உசுரோட இருந்தப்பவே ஓடி முடிச்சாச்சு" என்பாள்.

கஸகஸ்தானின் ஷிம்கெந்த் நகரச் சந்தை இறைச்சிக் கூடத்தில், நுழைந்ததும் இடது கைப் பக்கம் அவள் கடை. வெள்ளை அங்கி, அதன்மேல் கையில்லாத கம்பளிச் சட்டை, சிரித்தால் தெரியும் இரண்டு தங்கப் பற்கள். விலா இறைச்சியையும் கொழுப்பையும் பூண்டு, உப்பு, மிளகோடு குடலில் திணித்துக் கட்டிய கஸி, அவள் தலைக்குமேல் வரிசையாகத் தொங்கும். இரண்டு விரல் தடிமன் கொழுப்பு என்று அவள் சொன்னால் அது அவளுடைய விரல் கணக்கு. அந்த விரல்களைப் பார்த்தவர்கள் பேரம் பேசுவதில்லை.

வம்சம் விசாரிப்பதை வெறும் வம்பு என்று தள்ளிவிடவும் முடியாது. ஏழு தலைமுறைக்குள் ரத்த உறவு இருந்தால் அங்கே பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. ஒருமுறை மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் விருந்துக்கு கஸி வாங்க ஒரே நாளில் தனித்தனியே வந்தார்கள். இரண்டு பக்கமும் ஐந்தாம் தாத்தா ஒருவரே என்பதை உம்சின்தான் கண்டுபிடித்தாள். "அண்ணன் தங்கச்சிக்கா விருந்து வைக்கப் போறீங்க?" என்று கேட்டு, எடுத்து வைத்த கஸியைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டாள். இரண்டு வீட்டாரும் இன்றும் அவளிடம்தான் கறி வாங்குகிறார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சில வருடங்களுக்கு முன்பு இந்த உம்சினே படுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கத்தியைக் கையில் எடுத்தால் அழுகை வந்தது. கடை பூட்டிக் கிடந்தது. மனநல டாக்டர் பயான் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் போனதும் உம்சின் கடையைத் திறந்து, வந்த முதல் வாடிக்கையாளரோடு சண்டை பிடித்தாள். குணமாகிவிட்டது என்று சந்தை முழுவதும் புரிந்துகொண்டது.

அதற்குப் பிறகு, பெருமூச்சு விடுகிற எவரும் அவள் கடையைத் தாண்டிப் போக முடிவதில்லை. "வெக்கப்படாம டாக்டரைப் போய்ப் பாருங்க. வெள்ளை மாத்திரை ஒண்ணு குடுப்பாங்க. ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்குங்க. நான் எந்திரிச்சு நிக்கல?" சிலர் உண்மையாகவே போனார்கள், எழுந்தும் நின்றார்கள். அந்த மட்டில் அவள் செய்தது நல்ல காரியம்.

தடுக்கி விழுந்தது சொந்த வீட்டில்தான்.

அவளுடைய ஓரகத்தி அக்மரால், கொழுந்தனின் மனைவி, பாலர் பள்ளியில் சமைப்பவள். மாமனாரின் பெரிய வீடு வழக்கப்படி கடைசி மகனுக்கு வந்ததால் அங்கே குடியிருப்பவள் அவள். உம்சின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். ஆனால் இரண்டு வீட்டுக்கும் இரவு உலை ஒன்றுதான். சென்ற இலையுதிர் காலத்தில் அக்மராலின் பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. உம்சின் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. கையைப் பிடித்து டாக்டர் பயானிடம் இழுத்துப் போனாள், அதே வெள்ளை மாத்திரையை எழுதி வாங்கினாள்.

அக்மராலுக்கு அது சேரவில்லை. குமட்டியது, நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, படுத்தால் தூக்கம் வரவில்லை, உட்கார்ந்தால் கண் சொருகியது. இரண்டு முறை தானாகவே நிறுத்தினாள். இரண்டு முறையும் உம்சின் கண்டுபிடித்தாள். அதன் பிறகு சந்தைக்குப் போகும் முன் எதிரில் வந்து உட்கார்ந்து, விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரே சட்டியில திங்கிறோம், ஒரே தண்ணியக் குடிக்கிறோம். எனக்குக் கேட்டது உனக்கு மட்டும் கேக்காதா? மனசு வைக்கணும்டி."

"நான் நடிக்கலை அக்கா."

"நடிக்கிறேன்னு யார் சொன்னா? முயற்சி போதலைன்னு சொல்றேன்."

ஒருநாள் அக்மரால், "நல்லாகுறவளா இருந்தா இந்நேரம் ஆகியிருப்பேன். நான் இல்லாமப் போனா இந்த வீட்டுக்குப் பாரம் குறையும்" என்றாள். அழாமல், அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அன்று உம்சின் கடையைத் திறக்கவில்லை. இருவரும் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

பயான் நாற்பது வயதுக்காரர், நிதானமானவர். அக்மராலிடம் வெகுநேரம் தனியாகப் பேசினார். பிறகு உம்சினையும் உள்ளே அழைத்துக் கேட்டார்: "இவங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?"

மூத்த மருமகள் இருக்கும்போது இளையவள் வாய் திறப்பதில்லை. உம்சின் தொடங்கினாள். புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது என்பதால் எல்லாமே அவளாக வைத்துக்கொண்ட பெயர்கள். "எங்க பெரியவர் எம்பது வயசு வரைக்கும் குதிரை ஏறினவர். அவங்கப்பா தாடிக்காரர், பல்வலிக்குக்கூட மருந்து தொடல. அவருக்கு அப்பா ஆத்தங்கரைக்காரர், இடி விழுந்தும் பிழைச்சவர். அவருக்கும் மேல நெட்டையர்..." ஏழாவது ஆள் வரை பயான் குறுக்கிடாமல் கேட்டார்.

"இவங்கெல்லாம் யாரு அக்கா?"

"எங்க வீட்டு ஆளுங்கதான்."

"உங்க வீட்டுக்காரரோட ஆளுங்க. அக்மரால் உடம்புல அவங்க ரத்தம் எங்க இருக்கு? உங்க உடம்புலயும் இல்லையே."

பக்கத்தில் அக்மரால் மெல்லச் சொன்னாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஏழு தலைமுறையும் கேட்டுட்டு, ஒட்டும் இல்ல உறவும் இல்ல, தாராளமா எடுக்கலாம்னு சொன்னதே நீங்கதானேக்கா."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. அதனால்தான் அதிகம் உறைத்தது. ஊரார் ரத்தத்தையெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள், தன் வீட்டு உலையில் ஒன்றாகக் கொதித்தால் ரத்தமும் ஒன்றாகிவிடும் என்று நம்பியிருந்தாள்.

"உங்க அம்மா வீட்டுல?" என்று பயான் அக்மராலைக் கேட்டார்.

"அம்மாவுக்கு ஒரு தடவை இப்படி மாத்திரை குடுத்தாங்க. இதே நடுக்கம். பாசாங்கு பண்றாள்னு எல்லாரும் சிரிச்சாங்க. அதான் நான் சொல்லல."

மாத்திரையின் அளவைப் பயான் அன்றே குறைத்தார். ரத்தம் எடுத்து அல்மாட்டி நகரப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். "என்னோடதையும் எடுங்க" என்று உம்சின் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். தேவையில்லை என்றார்கள். அவள் கையை இறக்க நேரமாயிற்று.

முடிவு வந்த நாளில் பயான் அதை இப்படித்தான் விளக்கினார்: "மாத்திரையை உடைச்சு வெளிய தள்றது ஈரலோட வேலை. எந்த வேகத்துல தள்ளணும்கிறது பொறப்புலயே வர்றது. அம்மாகிட்ட இருந்து ஒரு பங்கு, அப்பாகிட்ட இருந்து ஒரு பங்கு. அக்மராலுக்கு ரெண்டு பங்குமே மந்தம். நேத்து போட்டது போகுறதுக்குள்ள இன்னைக்குப் போட்டது சேருது. நீங்க ஒண்ணு போட்டா ஒண்ணு. இவங்க போட்டா அது பல மடங்கு."

ஈரலைப் பற்றி உம்சினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையால் எடுத்து எடுத்துப் பழகியவள். ஆனால் அன்று அவள் கேட்ட கேள்வி வேறு: "அப்ப தினமும் வாயைத் திறக்கச் சொல்லி நான் பாத்ததெல்லாம்..."

"தெரிஞ்சா செஞ்சீங்க? எழுதிக் குடுத்தது நான். முதல் தடவை நடுங்கினப்பவே நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட வந்திருக்கணும், அவ்வளவுதான்" என்றார் பயான். வேறு வழியில் உடைகிற வேறொரு மருந்தை, சின்ன அளவில் எழுதினார். "இந்தச் சோதனை எல்லாத்தையும் சொல்லிடாது. எது உடம்புல தங்கும்னு சொல்லுது. எது மனசைத் தூக்கும்னு போட்டுப் பாத்துதான் தெரியும். வாரா வாரம் வாங்க."

இருவரும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் உம்சினுக்கு இல்லை. பெரிய மருமகள் சின்ன மருமகளிடம் கேட்பதை அந்த வீடு பார்த்ததும் இல்லை.

பெரிய வீட்டில் மேசையைச் சுற்றி மெத்தை விரித்திருந்தது. குழாய் வைத்த வெந்நீர்ப் பாத்திரமான சமோவார் கொதித்துக்கொண்டிருந்தது. தேநீர் ஊற்றுவது அங்கே இளைய மருமகளின் வேலை. உட்கார்ந்த இடத்தில் கிண்ணத்தை வாங்கிக் குடிப்பது மூத்தவளின் உரிமை. அக்மரால் வந்த நாளிலிருந்து உம்சின் அந்தக் குழாயைத் தொட்டதே இல்லை. அக்மரால் வழக்கம்போல் சமோவார் பக்கம் போனாள். அங்கே ஏற்கெனவே உம்சின் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அது என் இடம்."

"தெரியும். நீ அங்க போய் உக்காரு."

பாலை விட்டு, சாயத்தை விட்டு, வெந்நீர் பிடித்து, மதிப்புக்குரிய விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல் அரைக் கிண்ணத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி நீட்டினாள். அக்மரால் வாங்கினாள். கை நடுங்கிற்று, தேநீர் விளிம்பு வரை எட்டித் தளும்பியது. உம்சின் தன் தடித்த விரல்களைக் கிண்ணத்தின் அடியில் கொடுத்து, சூடு சுடச் சுட, அவள் குடித்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.